கடைசி பெஞ்சுக்குப் பின்னால்

பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கேமரா வந்து இறங்கிய வாரம் முழுக்க மழை. ஆசிரியர் அறையின் தகரக் கூரை மேல் அது கொட்டிய கொட்டில் ஹெச்.எம். பேசியது பாதிப் பேருக்குக் காதிலேயே விழவில்லை. விழாதவர்களுக்கெல்லாம் கணக்கு டீச்சர்தான் இன்னொரு தடவை எடுத்துச் சொன்னாள். இந்த வேலைக்கென்று பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவள் அவள் ஒருத்திதான்.

சங்கதி இதுதான். மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிறுத்திவிடுவார்கள். ஒரு பீரியட் முழுக்க அது பாட்டுக்கு ஓடும். அப்புறம் பாடம் நடத்தினவரும் கணக்கு டீச்சரும் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். எது நன்றாக வந்தது, எதை மாற்றலாம் என்று பேசிக்கொள்வார்கள். மார்க் கிடையாது. மேலிடத்துக்கும் போகாது.

"குத்தம் கண்டுபிடிக்கறதுக்கு இல்லீங்க," என்றாள் கணக்கு டீச்சர். "நடத்தும்போது நம்மள நாம பாக்க முடியாதில்ல? அதுக்காகத்தான்."

"என் தொப்பை எனக்கு ஏற்கெனவே தெரியும் டீச்சர். அதப் பாக்கக் கேமரா எதுக்கு?" என்றார் டிரில் மாஸ்டர்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஆளாளுக்கு நழுவப் பார்த்தார்கள். எழுந்து நின்றவர் சரித்திர வாத்தியார் ஒருவர்தான்.

"மொதல்ல என் கிளாஸ எடுங்க."

சரித்திர வாத்தியார் கணக்கு டீச்சரின் புருஷன். அவர் எழுந்து நின்றதில் அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கூட்டம் கலைந்ததும் ஹெச்.எம்.மிடம் போய், "அவருக்கு மட்டும் வேற யாரையாவது போடுங்களேன் மேடம்," என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஏன், வீட்டுச் சண்ட இங்க வந்துடுமா?" என்று ஹெச்.எம். சிரித்தாள். "டிரெய்னிங் போனவங்க நீங்க ஒருத்தர்தான். உங்க வீட்டுக்காரரே முன்னால வந்தா மத்தவங்களும் வருவாங்க. நல்லதாப் போச்சு."

இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தும் அவர் பாடம் நடத்தி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ரொம்ப காலம் அவளுக்கு வேறு ஊரில் வேலை. பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த பிறகும் அவளுக்கு மாடியில் வகுப்பு, அவருக்குக் கீழே கோடியில், தச்சுப் பட்டறையை ஒட்டின அறை. ஆனாலும் அவருடைய வகுப்பு ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கை முழுக்க ஒட்டியிருக்கும் சாக்பீஸ் தூளைக் கழுவிவிட்டு, சமையலறை வாசல்படியில் அவர் உட்கார்ந்துவிடுவார். அவள் வெங்காயம் அரிந்து, அடுப்பு மூட்டி, சோறு வடித்து இறக்குகிற வரைக்கும் அன்றைக்கு நடத்தினதை முழுக்கச் சொல்லுவார். எந்த ராஜா எந்த மலையைத் தாண்டினான், எதைச் சொன்னபோது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் எல்லாம் வரும். கீழே தையல் கடையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்லிச் சொல்லி அவருக்குப் பழகிவிட்டது. அவளுக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. தான் வெறும் கணக்கு வாத்தியாரம்மாதான், புருஷன்தான் பிறவி வாத்தியார் என்று அவள் மனசார நம்பியிருந்தாள்.

படம் பிடிக்கிற அன்றைக்கு அவர் சீக்கிரமே எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டார். மழையில் துணி எதுவும் காயவில்லை. ஈரம் போகாத சட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டி ஓடியதில் அறை முழுக்க ஆவி.

"கப்பல் பாடத்தத்தான் வெச்சுக்கப் போறேன்," என்றார். "பல்லு ஜோக்கு வர்றது அதுலதான்."

அந்த ஜோக்கு அவளுக்குத் தெரியும். பழைய காலத்து மாலுமிகள் மாசக்கணக்கில் காய்கனி இல்லாமல் கடலில் கிடந்து, ஈறு அழுகிப் பல் விழுந்து கரை சேர்ந்த கதை. 'புது நாட்டக் கண்டுபுடிச்சான், இருந்த பல்லத் தொலைச்சுட்டான்' என்று முடியும்.

அவளுக்கு அந்த நேரத்தில் வகுப்பு இருந்ததால் டிரில் மாஸ்டர்தான் கேமராவை வைத்துவிட்டு வந்தார். பள்ளிக்கூடம் விட்டதும், துணிகளை உள்ளே எடுத்துப் போட வேண்டும் என்று வாத்தியார் முன்னால் போய்விட்டார். அவள் மாடி வகுப்பில் தனியாக உட்கார்ந்து, காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு படத்தை ஓடவிட்டாள்.

அவர் உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். எடுத்த எடுப்பில் பாடத்துக்குள் நுழைந்தார். குரல் கணீரென்றுதான் இருந்தது. ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாய்மரம், கயிறு, கொடி என்று கப்பலை அழகாக வரைந்தார். "ஏன் எல்லாரும் கரையோரமாவே போனாங்க?" என்று கேட்டார், மூச்சு விடுவதற்குள், "ஏன்னா..." என்று தானே பதிலும் சொன்னார். முன்வரிசையில் தலைகள் கைகளில் சாய்ந்திருந்தன. நடுவில் ஒருத்தி முன்னால் இருந்தவளுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். ஒருவன் புத்தகத்தை நிறுத்தி வைத்து அதன் மறைவில் தூங்கினான்.

கேமரா இருந்தது கடைசி பெஞ்சுக்கு முதுகுப்புறம். அங்கே குசுகுசுத்ததெல்லாம் துல்லியமாக விழுந்தது.

"ரேடியோ இன்னிக்கு ஃபுல் சார்ஜ்டா."

"வால்யூமக் கொற."

ஒரு கை மேலே எழுந்து காற்றில் ஒரு குமிழைத் திருகியது. பக்கத்தில் இருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டான். யாரோ பைக்குள் ரேடியோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இரண்டாவது தடவையும் குமிழைத் திருகிய பிறகுதான் விளங்கியது.

பல்லு ஜோக்கு வந்தது. அப்போதும் அவர் போர்டின் பக்கம்தான் திரும்பியிருந்தார். சரியாக அதே நேரம் கடைசி பெஞ்சில் ஒருவன் நோட்டைத் தூக்கிக் காட்டினான். பெரிய தலையும் அதன் உச்சியில் ஏரியலும் வைத்து ஒரு ஆள் படம். அங்கே ஆரம்பித்த சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக முன்னால் போயிற்று. நோட்டு உள்ளே போய்விட்டது. அவர் திரும்பினார். வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கைத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று பெருந்தன்மையாகக் காத்துக்கொண்டு நின்றார்.

அவள் படத்தை நிறுத்தினாள்.

அவர் இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பொய்யாக இருந்தால் போய்ச் சண்டையாவது போட்டிருப்பாள்.

"டீச்சர், பூட்டணும்," என்று வாட்ச்மேன் வந்து நின்றார். குடையை எங்கே வைத்தோம் என்பது அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் அறைக்குக் குறுக்காகக் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தது. அவர் உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?"

"பாதிதான் பாத்தேன். கரண்டு போயிடுச்சு."

"பல்லு ஜோக்கு வந்துச்சா?"

"அதுவரைக்கும் வரல."

"அத மட்டும் பாரு. கிளாஸே அதிர்ந்து போச்சு. டிரில் மாஸ்டர் கேமராவச் சரியா வெச்சானோ என்னமோ, சிரிப்பு விழுந்துருக்கணுமே."

"விழுந்துருக்கும்," என்றாள்.

மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். தலைவலி, பரீட்சைப் பேப்பர், ஹெச்.எம். கூப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளிப்போட்டாள். மகளுக்குத்தான் சந்தேகம் வந்தது. அவள் ரத்தப் பரிசோதனை செய்கிற லேப்பில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு மத்தியான ஷிஃப்ட். அப்பா காய்கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மாவோடு ஈரப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா கிளாஸப் பாத்துட்டதானே?"

அம்மாவின் கை நின்றது. "உனக்கெப்படித் தெரியும்?"

"நீ முழிக்கற முழியிலயே தெரியுதே. ரெண்டு வருஷம் அந்த கிளாஸ்ல உக்காந்திருந்தவம்மா நான்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? சாயங்காலம் வந்து படியில உக்காந்து அவ்வளவு ஆசையா சொல்லிட்டிருப்பாரு. நீயும் வெங்காயத்த விட்டுட்டு வாயப் பாத்துட்டிருப்ப. நடுவுல வந்து நான் எதச் சொல்ல?" அவள் போர்வையை ஓங்கி உதறினாள். "பல்லு ஜோக்குக்கு எல்லாரும் சிரிப்பாங்கல்ல, அப்ப நானும் சிரிப்பேன். அப்பா என்னைப் பாத்து ஒரு மாதிரி பெருமையாத் தலையாட்டுவாரு."

"நீ எதுக்குச் சிரிச்ச?"

"மத்தவங்க எதுக்குச் சிரிச்சாங்களோ அதுக்குத்தான்." அவள் போர்வையின் முனையை நீவிவிட்டாள். "சிரிக்கலன்னா வாத்தியார் பொண்ணுன்னு என்ன வெச்சு செஞ்சிருப்பாங்கம்மா."

அம்மா போர்வையின் முனையைக் கயிற்றில் போட்டு இழுத்துவிட்டாள். அதில் ஒரு சுருக்கம் போகவே மாட்டேன் என்றது.

"அழிச்சுடு," என்றாள் மகள். "தெரியாம அழிஞ்சு போச்சுன்னு சொல்லிடு."

"இன்னொரு தடவ எடுங்கன்னு நிப்பாரு. அவரப் பத்தித் தெரியாதா?"

"அப்ப நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு."

"ரெண்டு பேரும் சேந்து பாக்கணும்டி. அதுதான் ரூல். நானே எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் தானே மகளின் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். சினிமாவுக்கு உட்காருகிற மாதிரி இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டீயும் கையுமாக உட்கார்ந்தார். வேறு வழியில்லை என்றாகிவிட்டது. முதல் கொஞ்சத்தைக் காட்டிவிட்டு, கேள்வி கேட்பதைப் பற்றி நாலு வார்த்தை பேசி முடித்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"குரல் நல்லா விழுது, இல்ல?"

"ம்."

"இந்தச் சட்ட எடுப்பாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தப் பையன் ஏன் தூங்கறான்?"

"காய்ச்சலா இருக்கும்."

"அவ என்ன பண்றா... ஜடையா பின்றா?"

அவள் அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். "இந்த எடத்தப் பாருங்க. கேள்வி நல்ல கேள்வி. ஆனா பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தீங்கன்னா..."

"இரு. பின்னாடி அவன் என்னமோ சொன்னான். திருப்பிப் போடு."

"சும்மா ஏதோ..."

"போடும்மா."

போட்டாள். அவர் காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கை எழுந்து குமிழைத் திருகியதைப் பார்த்தார்.

"ரேடியோங்கறது ஏதோ ஒரு பையனோட பட்டப்பேருன்னு நெனச்சுட்டிருந்தேன்," என்றார் மெதுவாக. "வராண்டாவுல நடந்து போறப்ப காதுல விழும், ரேடியோ வருது, ரேடியோ வருதுன்னு. எவன்டா அதுன்னு நானும் திரும்பித் திரும்பிப் பாத்திருக்கேன்."

"எனக்கு மட்டும் பட்டப்பேர் இல்லாமலா இருக்கும்? எல்லா வாத்தியாருக்கும் வெப்பாங்க," என்றாள் அவள்.

பல்லு ஜோக்கு வந்தது. நோட்டு மேலே எழுந்தது. சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக முன்னால் போயிற்று. திரைக்குள் இருந்த வாத்தியார் திரும்பிச் சந்தோஷமாகப் பார்த்தார். வெளியே இருந்த வாத்தியார் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தட்டுமாங்க?"

"ஓடட்டும்."

பெல் அடித்துப் பிள்ளைகள் எழுந்து ஓடுகிற வரைக்கும் பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அப்புறம் எழுந்து போய்க் கயிற்றில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். காய்ந்ததை மடித்தார், அதோடு சேர்த்து ஈரத்தையும் மடித்தார். ஈரம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவராகவே வந்து கேட்டார். "சரி சொல்லு. என்ன பண்ணணும்?"

அந்தக் குரலில் கோபம் இல்லாததே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பயிற்சியில் கற்றுக்கொண்டதையெல்லாம் சொன்னாள். போர்டைப் பார்த்துப் பேசக் கூடாது. பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்க வேண்டும். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தப்பாகவாவது யாராவது ஒருத்தர் சொல்லுகிற வரைக்கும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இத்தனை காலம் பாடம் நடத்தின மனுஷன் முதல் நாள் வேலைக்குப் போகிறவன் மாதிரி கேட்டுக்கொண்டார்.

அந்த வாரம் வீட்டிலேயே ஒத்திகை நடந்தது. கட்டிலில் அவளும் மகளும் மாணவர்கள். துவைத்த துணிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து அவர் நடந்தார்.

"கரையே தெரியாத கடல். நாலு பக்கமும் தண்ணி. எதப் பாத்து வழி கண்டுபுடிச்சிருப்பாங்க?" கேட்டுவிட்டு வாயை இறுக்கமாக மூடிக்கொண்டார்.

"அப்பா, மூச்சையாவது விடு," என்றாள் மகள்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நெஞ்சுக்குள்ள பதில் முட்டுதும்மா. அடக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

"சூரியன், சார்!"

"ராத்திரில?"

"நட்சத்திரம்!" என்று அம்மாவும் மகளும் சேர்ந்து கத்தினார்கள். கீழே தையல் மெஷின் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மறுபடியும் ஓடியது. சரியாகிவிடும் போலிருக்கிறதே என்று கணக்கு டீச்சருக்கு அன்றைக்குத் தோன்றியது.

இரண்டாவது தடவை படம் பிடித்தபோது டிரில் மாஸ்டர் பிள்ளைகளை மேட்சுக்குக் கூட்டிப் போயிருந்தார். அவளே கேமராவோடு கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும்படி ஆயிற்று. பார்க்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது என்பதும் விதிகளில் ஒன்று. அவள் நின்றதால் பின்வரிசை முதலில் அடங்கித்தான் இருந்தது.

அவர் முகத்தைப் பிள்ளைகளின் பக்கம் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்தார். நடக்கிற வழியில் ஒருத்தியின் பையைத் தட்டிவிட்டார். குனிந்து எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாருக்கு என்ன ஆயிற்று என்ற பார்வை.

"கரையே தெரியாத கடல். எதப் பாத்து வழி கண்டுபுடிச்சிருப்பாங்க?"

காத்திருந்தார். தச்சுப் பட்டறையில் ரம்பம் இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. சார் எப்படியும் தானே சொல்லிவிடுவார் என்று அத்தனை பேரும் பேனாவோடு காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். முகத்தில் வேர்வை அரும்பியது.

"ஃபோனப் பாத்து, சார்," என்றான் ஒருவன்.

சிரிப்பு. தப்பான பதில் வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். சிரிப்பு வந்தால் என்ன செய்வது என்று பேசி வைக்கவில்லை. அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. ஒரு தடவை ஆரம்பித்தால் பீரியட் முடியும்வரை தடையில்லாமல் ஓடுகிற அந்தப் பேச்சு எங்கேயோ அறுந்துவிட்டது. மேஜையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் அத்தனை தலைகளுக்கும் மேலாக அவளைப் பார்த்தார். பதில் தெரியாமல் எழுந்து நிற்கிற பிள்ளை டீச்சரைப் பார்ப்பது போல இருந்தது. அந்தப் பார்வை அவளுக்கு அத்துப்படி. எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் அவள் கை கொடுத்திருக்கிறாள்.

யோசிக்கவே இல்லை. சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'நட்சத்திரம்.'

கேமராவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏய், கணக்கு டீச்சர் சாருக்குப் பிட்டு குடுக்கறாங்கடி!"

வகுப்பு வெடித்தது. மேஜையைத் தட்டினார்கள். முன்வரிசைகூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவள் ஒரு அதட்டல் போட்டிருந்தால் அத்தனையும் அடங்கியிருக்கும். அவளுடைய குரலுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் அடங்காத வகுப்பு கிடையாது. ஆனால் அவள் அதட்டி அது அடங்கினால் அதற்கப்புறம் அவர் அங்கே எப்படி நிற்பார்? ஸ்டாண்டின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் அடங்கட்டும் என்று காத்திருக்கவில்லை. போர்டின் பக்கம் திரும்பிக் கப்பலை வரைய ஆரம்பித்தார். பெல் அடிக்கிறவரை வரைந்துகொண்டே இருந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள், "நான் பண்ணினது தப்புங்க," என்றாள்.

"நீ நல்லதுக்குத்தானே பண்ணின," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வாரத்திலிருந்து அவருடைய அறையில் சத்தமே கேட்கவில்லை. கதவு சாத்தியிருந்தது. ஒருநாள் வேலையில்லாத பீரியடில் கணக்கு டீச்சர் கீழே இறங்கிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். கமா, முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தூங்கவில்லை, ஒருத்தியும் ஜடை பின்னவில்லை. எழுதாவிட்டால் பரீட்சைக்குப் படிக்க ஒன்றும் இருக்காதே.

ஹெச்.எம்.முக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பட்டற பக்கம் போனா ஊசி விழுந்தாக் கேக்குது டீச்சர்! அவரு கிளாஸ் இப்படி இருந்து நான் பாத்ததே இல்ல. கேமரா என்ன வேல செஞ்சிருக்கு பாருங்க. இன்னொரு தடவ எடுத்து வைங்க, மத்த ஸ்டாஃபுக்குக் காட்டலாம்."

"அவரு நோட்ஸ் சொல்லிட்டிருக்காரு மேடம். பாடம் நடத்தல."

"இருக்கட்டுமே. புள்ளைங்க எழுதுதுங்கல்ல?"

தன் புருஷனுக்கு இத்தனை நாளும் பாடம் நடத்தத் தெரிந்திருக்கவில்லை என்பதைச் சொல்லாமல், இப்போது நடத்தவில்லை என்பதை எப்படி விளக்குவது?

சாயங்காலம் மறுபடியும் மழை. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் நடந்தார்கள். ரோட்டோரத் தண்ணீரில் யாரோ போட்ட செங்கற்களின் மேல் கால் வைத்துத் தாண்டும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்.

"என்னங்க, நீங்க முன்ன மாதிரியே நடத்துங்க. யாரு கேட்டா என்ன, கேக்கலன்னா என்ன? உங்களுக்குப் புடிச்சு நடத்தினீங்க. அதுவே போதும்."

"முன்ன மாதிரின்னா எப்படி?"

"அதாங்க, கத சொல்லி..."

"அவனுங்க என்னப் பாத்துச் சிரிக்கறது எனக்குத் தெரியாம இருந்துச்சே, அது மாதிரியா?" கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டார். "அது இனிமே எப்படிம்மா முடியும்?"

செங்கல் ஆடியது. இரண்டு பேரும் நிதானித்துத் தாண்டினார்கள்.

"வேற ஏதாவது வேல கேட்டுப் பாக்கலாமா? லைப்ரரி மாதிரி?"

"ரிட்டயர் ஆக இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கு. அதுவரைக்கும் புஸ்தகத்துக்குத் தூசி தட்டவா? எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்னு நெனச்சேன்."

மூன்றாவது தடவை, வேறொரு செக்ஷனில், படம் பிடித்த அன்றைக்கு அவர் எந்தச் சட்டையைப் போட்டிருந்தார் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. ஸ்டாண்டை விரித்து வைத்து அவள் பொத்தானை அழுத்தினாள். "ஆரம்பிக்கலாமா டீச்சர்?" என்றார். பள்ளிக்கூடத்தில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"கடல் வழிகள், கோடு. புதிய நாடுகளைத் தேடிச் சென்றவர்கள், கமா, நீண்ட காலம் கடலிலேயே வாழ்ந்தனர், புள்ளி. அடுத்த பத்தி."

பேனாக்கள் ஓடின. பாதி பீரியட் இப்படியே போயிற்று. மாலுமிகளுக்குக் காய்கனி கிடைக்காமல் நோய் வந்ததாக ஒரு வரி சொன்னார். அப்போது நடு பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார், இது கத மாதிரி சொல்வீங்களாம்ல? எங்க அண்ணன் சொன்னான். சொல்லுங்க, சார்."

வகுப்பு நிமிர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பதற்கு முன்னால் வருகிற அமைதியும் இப்படித்தான் இருக்கும். அவர் தலையைத் தூக்கி அந்தப் பையனை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பின்னால் நின்ற அவளைப் பார்த்தார். அவள் இந்தத் தடவை உதட்டை அசைக்கவில்லை. அசைக்க அவளிடமும் ஒன்றும் இல்லை.

"உக்காரு," என்றார் அவர். "எங்க விட்டோம்? நோயுற்றனர், புள்ளி."

அன்று சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் முன்னறையில் நாளைய நோட்ஸை எழுதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை.

"இன்னிக்கு எடுத்தத பாத்தியா?"

"பாத்தேங்க."

"அந்தப் பையன்... கிண்டலாக் கேட்டானா, நெசமாவே கேட்டானா?"

அந்த இடத்தை அவள் மாடி வகுப்பில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தாள். பையன் எழுகிறான், பேசுகிறான், உட்காருகிறான். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

"பின்னாடி இருந்து எடுத்ததுங்க," என்றாள். "பிடரிதான் தெரியுது. மூஞ்சி தெரியல."

அவர் தலையாட்டினார். நோட்ஸ் எழுத முன்னறைக்குத் திரும்பிப் போனார்.